பதினெட்டு வாசல் கோட்டையும் மூன்று மணி பஸ்ஸும்

1

எங்கள் வீட்டிலிருந்து மலாக்கா நகரம் இருபத்துநாலு மைல். கோவில்பட்டியில் பஸ் ஏறி, கயத்தாற்றில் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வருகிற தூரம். போர்த்துக்கீசியர் பாதி உலகத்தைச் சுற்றி வந்து அந்த ஊரைப் பிடித்தார்கள். பிறகு டச்சுக்காரர் வந்து பிடித்தார்கள். அதற்குப் பிறகு இங்கிலீஷ்காரர். இத்தனை பேர் கப்பலில் வந்து சேர்ந்துவிட்ட ஊருக்கு, பக்கத்திலேயே குடியிருக்கும் நான் பன்னிரண்டு வருஷமாகியும் போய்ச் சேரவில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு. போகாத அந்த ஊரைப் போய்ப் பார்த்ததாக, பார்த்தது மட்டுமல்ல, நின்று எண்ணியதாக, என் அம்மாவுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன்.

வருகிற புதன்கிழமை அம்மாவுக்கு வருஷப் பூசை. கோபித்துக்கொள்ள இனி ஆள் இல்லை என்பதால் இப்போது எழுதுகிறேன். இதையும் எங்கள் ஊர் உபதேசியார் மாதா கோயில் வாசலில் நின்று உரக்க வாசிப்பார். வாசிக்கட்டும். அவர் குரலில் கேட்டால்தான் எங்கள் ஊரில் எதையும் நம்புவார்கள்.

2

என் வீட்டுக்காரர் மலேயாவில் தம்பின் என்கிற ஊர் ஸ்டேஷனில் டிக்கெட் குமாஸ்தா. ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஒரு வீடு. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கூட்ஸ் ஷெட்டின் முதுகு தெரியும். மலேயாவில் நான் அதிகமாகப் பார்த்த காட்சி அதுதான். காலையில் மெயில், பகலில் பாசஞ்சர், சாயங்காலம் ரப்பர் ஏற்றிய கூட்ஸ். சோறு வடிப்பதும் துணி காயப்போடுவதும் இந்த மூன்றை வைத்துத்தான். தெற்கே சிங்கப்பூர்வரை, வடக்கே சயாம் எல்லைவரை ஸ்டேஷன் பெயர்களை வரிசை பிசகாமல் ஒப்பிப்பேன். ஒப்பிக்க மட்டும்தான்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு வேறு நினைப்பு. மலேயாவில் இருக்கிறவள் காலையில் ஒரு பட்டணத்தைப் பார்த்துவிட்டு மத்தியானம் இன்னொன்றைப் பார்க்கக் கிளம்புவாள் என்று நினைக்கிறீர்கள். அதற்கு வேண்டியதெல்லாம் எங்களிடம் இருக்கத்தான் செய்கிறது. ரயில்வே குடும்பத்துக்கு வருஷம் ஒரு இலவச பாஸ் உண்டு. முதல் வருஷம் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் ரெஜினா பிறந்தாள். பிறகு அவசரகாலச் சட்டம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் தண்டவாளத்தைக் கழற்றுவதும் பட்டாளத்தார் வந்து மாட்டுவதுமாக இருந்தார்கள். கைக்குழந்தையோடு அந்த வண்டியில் ஊர் பார்க்கப் போக யாருக்கு ஆசை வரும்? எல்லாம் அடங்கி ஓய்ந்தபோது, போகாமல் இருப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் காலாவதியாகப் போகிற பாஸை எடுத்துத் தடவிப் பார்த்து, "இந்த வருஷமும் பாஸ் மிச்சம்" என்பார் இவர். பாங்கில் போட்டு வைத்த மாதிரி ஒரு திருப்தி.

மலாக்காவுக்கு அந்த பாஸும் செல்லாது. ஒரு காலத்தில் எங்கள் ஸ்டேஷனிலிருந்து அங்கே கிளைப் பாதை இருந்ததாம். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பப் போட யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே மலாக்காவுக்கு பஸ்தான்.

"ரயில்ல வேலை பாக்கிறவன் காசு குடுத்து பஸ்ல ஏறினா நாலு பேரு சிரிக்க மாட்டானுவளா?" என்று இவர் கேட்பார்.

இவர் கொள்கைக்காரர். அந்த நாலு பேர் யார் என்று பன்னிரண்டு வருஷமாகத் தேடுகிறேன்.

3

எங்கள் ஊர் இடைசெவலுக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் முப்பது வீடு, ஒரு சின்ன மாதா கோயில். கோவில்பட்டிப் பருத்திப் பேட்டையில் தராசு பிடிக்கிற என் அண்ணன் அந்தோணிமுத்துதான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர். மாப்பிள்ளை கடம்பூர்ப் பக்கம், மலேயாவில் ரயில் உத்தியோகம் என்று அண்ணன் சொன்னபோது அம்மா உலக்கையைக் கீழே போட்டாள்.

"கண்ணுக்கு எட்டாத தேசத்துக்குப் போயி எம்புள்ள என்னத்தைப் பாக்கப் போறா? அடுப்படியையும் கெணத்தடியையும் பாப்பா. அதுக்கு எதுக்குலே கப்பல்?"

கல்யாணம் நடந்தது. நான் புறப்பட்ட அன்று பஸ் நிற்கிற இடத்துக்கு அம்மா வரவில்லை. அதோடு அண்ணனிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "அவனைச் சாப்பிட வரச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாளாம்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் உபதேசியார்தான் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் கோயில் வாசலில், ஊரே கேட்க, ஞாயிறு வாசகம் வாசிக்கிற அதே குரலில். பதிலும் அவர் கையெழுத்தில்தான் வரும். நான் வந்து இரண்டு வருஷம் கழித்து அப்படி ஒரு பதில் வந்தது. ‘நலம், நலமறிய அவா என்றே எழுதுகிறாயே, அங்கே ஒரு ஊரையாவது பார்த்தாயா என்று உன் தாயார் கேட்கிறாள்’ என்று.

வாசித்துவிட்டு அழுதேன். அம்மா அன்றைக்குச் சொன்னது அப்படியே பலித்திருந்தது. அடுப்படி இருந்தது. கிணற்றடிக்குப் பதிலாகக் குழாயடி. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் மலாக்காவைப் பற்றி ஒரு விளம்பரத் தாள் ஒட்டியிருந்தார்கள். ஒரு கல் வாசல், பின்னால் ஒரு குன்று, ஓரத்தில் தென்னை. இவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். அதை வைத்துத்தான் எழுதினேன். ஒரு வாசல் உள்ள கோட்டை என்று எழுதினால் எங்கள் ஊர் ஆட்டுக்கிடைகூட மதிக்காது. அதனால் பதினெட்டு வாசல் வைத்தேன். ஒவ்வொரு கல்லும் நம் ஊர்ச் செக்கு அளவு. வீடுகளெல்லாம் செவக்காட்டு மண் நிறம். குன்றின் உச்சியில் ஒரு கிணறு, அதில் கற்கண்டுத் தண்ணீர். உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் வேறு எதைக் கற்பனை செய்வாள்?

உபதேசியார் அன்றைக்கு அதை இரண்டு தடவை வாசித்தாராம். அன்று மத்தியானம் அம்மா சுவரை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்துப் பேசினாள். "நீ செஞ்சது சரிதாம்லே. அவ ஒலகத்தைப் பாக்கா."

அடுத்த பதிலில் அம்மாவின் கேள்வி ஒன்று வந்தது. பதினெட்டு வாசலுக்கும் கதவு உண்டா, இல்லை திறந்தே கிடக்கிறதா? கதவைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை. ‘மற்றவை நேரில்’ என்று எழுதி முடித்தேன். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிறவர்களுக்கு அதைவிடப் பாதுகாப்பான வாசகம் கிடையாது.

4

எட்டு வருஷம் கழித்து ‘நேர்’ கப்பலேறி வந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆவணிக் கடைசியில் அண்ணன் வந்து இறங்கினார். அம்மா இடுப்பொடிந்து கட்டிலில் விழுந்துவிட்டாள். விழுந்த இடத்திலிருந்து அண்ணனை அனுப்பியிருக்கிறாள். "போயி அந்தக் கோட்டையைப் பாத்துட்டு வா. அவளையும் பாத்துட்டு வா." கோட்டை முதலில், நான் பிறகு.

துறைமுகத்தில் கொடுத்த காகிதத்தில் வந்த காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருந்ததாம். தங்கையைப் பார்க்க என்று எழுதியிருக்கலாம். அண்ணன் ஒரு தமிழரைப் பிடித்து ‘மலாக்கா கோட்டையைப் பார்க்க’ என்று எழுத வைத்திருக்கிறார். கூடவே கடம்பூர் போளி ஒரு பெட்டி. கப்பலில் ஒரு வாரம் காய்ந்த அந்தப் போளியைத் தட்டிப் பார்த்த சுங்க அதிகாரி, இது எந்த வியாதிக்கு என்று கேட்டாராம்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேட்டைக்கு வரும் பருத்தியில் எடை கூடட்டும் என்று சில பேர் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள். அண்ணன் மூட்டைக்குள் முழங்கைவரை கையை விடுவார். முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு, "ஈரப் பருத்தி, அந்தப் பக்கம் வையி" என்பார். மேற்கொண்டு பேச்சு கிடையாது. அவரிடம் தப்பிய மூட்டை இல்லை. அப்பேர்ப்பட்ட ஆள் என் வீட்டில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி அன்னம்மா, மலாக்காவுக்கு என்னைக்குப் போறோம்? நீதான் எனக்கு வழி காட்டணும், பாத்துக்க."

மலாக்கா பொய் என்றால் ‘நலம்’ என்பதும் பொய் என்று அண்ணன் நினைத்துவிடுவார். தங்கையைக் கொண்டுபோய்க் கண் காணாத இடத்தில் தள்ளிவிட்டோம் என்று தலையில் கை வைப்பார். அதை மனசில் வைத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலருகே போய் அவரால் நிற்க முடியாது. நான் பயந்தது அதற்குத்தான்.

வீட்டிலேயே இன்னொரு ஆபத்தும் இருந்தது. ரெஜினாவுக்கு அப்போது ஒன்பது வயசு. கான்வென்டில் சிஸ்டர்கள் அந்த வருஷம்தான் பிள்ளைகளை மலாக்காவுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் எங்கள் குடும்பத்தில் அந்த ஊரைப் பார்த்தது அவள் ஒருத்தி. வந்ததும் ஆசையாகக் கேட்டேன், எத்தனை வாசல் பார்த்தாய் என்று.

"ஒரே ஒரு கேட்தான் மா. ஓல்ட் ஆயிட்டு, கறுப்பா இருக்கு. வாட் இஸ் தேர் டு கவுண்ட்?"

அவளைத் தனியாக அழைத்துப்போய், மாமாவிடம் கோட்டையைப் பற்றிப் பேசக் கூடாது என்றேன். ஏன் என்றாள். சொன்னேன். அப்படியானால் நீ பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டாயா என்று இங்கிலீஷில் கேட்டாள். பிள்ளைகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதில் இப்படி ஒரு தொல்லை உண்டு.

5

திட்டம் போடும் வேலையை இவர் எடுத்துக்கொண்டார். மச்சானுக்காகக் கொள்கையைத் தளர்த்தி பஸ்ஸுக்குக் காசு கொடுக்கவும் சம்மதித்தார். ரயில்வேயில் கட்டம் போட்ட பெரிய தாள்கள் கிடைக்கும். அதில் சிவப்பு மையால் போகிற நேரம், நீல மையால் வருகிற நேரம். கோட்டைக்கு நாற்பது நிமிஷம். குன்றுமேல் இடிந்த கோயிலுக்கு இருபத்தைந்து நிமிஷம், அதில் ஜெபத்துக்கு ஐந்து. மழைக்கு மட்டும் கட்டம் ஒதுக்கவில்லை.

நான் ஒதுக்கினேன். தம்பினில் அந்த மாதங்களில் பகல் இரண்டரைக்கு வானம் கறுத்து, மூன்றுக்குள் ஊற்றத் தொடங்கும். எங்கள் கரிசலில் மழை இறங்கிவிட்டால் பயணம் அதோடு கலைந்தது. செருப்பை மண் பிடித்துக்கொள்ளும், வண்டி அச்சுவரை இறங்கும். அது மட்டுமில்லை. கல்யாணத்துக்குப் புறப்பட்டவன்கூட வழியில் மழையைப் பார்த்தால் திரும்பிவந்து விதைப்பெட்டியைத் தேடுவான். ‘மழைக்கு முதுகைக் காட்டிட்டுப் போறவன் வெள்ளாமைக்காரனா?’ என்று அண்ணன் சின்ன வயசிலிருந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எட்டு மணி பஸ் வேண்டாம், பூசை இருக்கிறது என்றேன். பன்னிரண்டு மணி பஸ் வேண்டாம், கோழி அடித்திருக்கிறேன், சாப்பிடாமல் போகலாமா என்றேன். மூன்று மணி பஸ்தான் சௌகரியம், வெயிலும் தாழ்ந்திருக்கும். இவர் சிவப்பு மையை அழித்து மறுபடி எழுதினார்.

முதல் ஞாயிறு எல்லோரும் உடுத்தி நின்றோம். அண்ணன் வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு. இரண்டே முக்காலுக்கு ஒரு துளி விழுந்தது. அண்ணன் அண்ணாந்து பார்த்தார். துண்டை எடுத்து உதறி ஆணியில் மாட்டினார்.

"மழை வந்துட்டுல்லா. இனி எங்கன போவ? உள்ள வாங்க மாப்பிள்ளை."

"மச்சான், இங்கன தார் ரோடு. பஸ்ஸு மழையிலயும் போவும்."

"பஸ்ஸு போவும். மனுசன் போவானா?"

இரண்டாம் ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு மழை கொஞ்சம் தாமதித்தது. எனக்குப் பயமாகி, தலைவலி என்று பத்து நிமிஷம் படுத்தேன். அதற்குள் வந்துவிட்டது. இத்தனை நாணயமான மழையை நான் ஊரில் பார்த்ததே இல்லை. நான்காம் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் யாரும் உடுத்திக்கொள்ளக்கூட இல்லை. ரெஜினா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு ஜெபமாலையை உருட்டினாள்.

பயணம் கலைந்த பிறகு அண்ணன் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வார். கூட்ஸ் ஷெட் தகரத்தில் மழை கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு என்னவோபோல் இருக்கும்.

"இதுல ஒரே ஒரு மழை நம்ம காட்டுல பெஞ்சா என்னவாயிருக்கும் தெரியுமாட்டி? இவிய வாய்க்கால்ல விட்டுட்டுச் சும்மா இருக்காவ!"

இடையிடையே திரும்பி என்னைப் பார்ப்பார். நான் அரிசி களைவதை, ரெஜினாவைத் திட்டுவதை, இவர் வந்தால் எழுந்து போவதை. பேட்டையில் மூட்டைகளைப் பார்ப்பதுபோல், முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. என் கவலையெல்லாம் அடுத்த ஞாயிறு.

6

வந்தவர்களுக்கு ஒரு மாதம்தான் அனுமதி. நீட்டிக்கச் சிரம்பான் குடியேற்ற ஆபீஸுக்குப் போனோம். அங்கே மூன்று ஜன்னல். முதல் ஜன்னலில் இரண்டாவதற்குப் போகச் சொன்னார்கள், இரண்டாவதில் மூன்றாவதற்கு. மூன்றாவது ஜன்னலில் முதல் ஜன்னலுக்குப் போனீர்களா என்று கேட்டார்கள். இந்த விஷயத்தில் கோவில்பட்டி தாலுகா ஆபீஸை நான் குறை சொன்னதற்காக இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியில் ஒரு மலாய் அதிகாரி. வயசானவர், மரியாதையானவர். அண்ணனின் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். ரெஜினாதான் மொழிபெயர்த்தாள். அவளுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. தமிழ்தான் விருந்தாளி மாதிரி எப்போதாவது வந்துபோகும்.

"மாமா, மலாக்கா பார்த்தாச்சான்னு ஆஸ்க் பண்றார்."

"இல்லைன்னு சொல்லு."

"ஏன்னு கேக்கிறார்."

"மழைன்னு சொல்லு."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. இந்த நாட்டில் மழைக்குப் பயந்தால் பிறந்த வீட்டிலேயே சாக வேண்டியதுதான் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டு வாரம் நீட்டி முத்திரை குத்தினார். எங்கள் குடையை ரெஜினாவிடம் சுட்டிக்காட்டி, எடுத்துக்கொண்டு போகச் சொல் என்றும் சொன்னார். காரணம் என்கிற கட்டத்தில் ‘மழை’ என்றே எழுதினார். மழை காரணமாக இந்த நாட்டில் தங்கிய ஒரே ஆள் என் அண்ணனாகத்தான் இருக்கும்.

7

அந்தச் சனிக்கிழமை கோயிலைக் கூட்டிக் கழுவுகிற முறை எனக்கு. விடியும்போதே மழை. பகல் பதினொன்றுக்கு வீடு திரும்பினால் அண்ணனும் இல்லை, ரெஜினாவும் இல்லை. இவர் தனியாக உட்கார்ந்து, தம் திட்டத் தாளை மடித்துக்கொண்டிருந்தார். முகம் தொங்கியிருந்தது.

"எட்டு மணி பஸ்ல போயிட்டாவ. நான் போட்ட பிளானைக்கூட எடுத்துக்கிடலை."

"இந்த மழையிலயா? அண்ணனா?"

"நானும் அதத்தான் கேட்டேன். ‘இது இவிய ஊரு மழைதானே மாப்பிள்ளை, நம்ம மழை இல்லையே’ன்னுட்டு இறங்கி நடக்காரு."

நான் அடுப்படியில் உட்கார்ந்தேன். அன்றைக்குச் சோறு குழைந்தது, குழம்பு அடிப்பிடித்தது. அண்ணன் அந்த ஒற்றை வாசலின்முன் குடை பிடித்து நிற்பதும், மற்ற பதினேழையும் தேடுவதும், ரெஜினா கான்வென்ட் சுத்தத்தோடு உண்மையைச் சொல்வதும் கண்ணுக்குள் ஓடியது. வந்ததும் காலில் விழுந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பிறகு, விழுந்தால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், பேசாமல் இருக்கலாம் என்று முடிவு செய்தேன். நாலு மணிக்குள் இப்படி ஏழெட்டு முடிவுகள்.

ஐந்து மணிக்கு வந்தார்கள். அண்ணன் வேட்டியை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டியிருந்தார். தலை நனைந்திருந்தது. குடை ரெஜினா கையில் மடித்தபடியே இருந்தது.

"ஏட்டி, பாத்துட்டேன். எல்லாம் நீ எழுதினபடியே இருக்கு."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வாசலு..." என்றேன்.

"பாத்தேன்."

"கெணறு?"

"தண்ணி இருக்கு." துண்டால் தலையைத் துவட்டத் தொடங்கிவிட்டார். "காப்பி போடு. பசிக்கி."

ரெஜினாவைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், என்ன சொன்னாய் என்று கேட்டேன். பன்னிரண்டு வார்த்தைத் தமிழில் பத்து இங்கிலீஷ் போடுகிற பெண், அன்றைக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு மாமாட்ட சத்தியம் பண்ணிருக்கேன். கேக்காதிய."

அந்தத் தமிழை எங்கே வைத்திருந்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை.

8

புரட்டாசி முடியும் முன்னால் அண்ணன் கப்பலேறினார். விதைப்புக்குள் ஊரில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் ஒரு மாதம் செத்துப் பிழைத்தேன்.

பிறகு கடிதம் வந்தது. உபதேசியார் கையெழுத்து இல்லை. அண்ணனே, பேட்டையில் மூட்டைக்கு நம்பர் போடுகிற கோணல் எழுத்தில் எழுதியிருந்தார். அதை அப்படியே தருகிறேன்.

‘தங்கை அன்னம்மாளுக்கு. சுகமாக வந்து சேர்ந்தேன். நல்ல மழை, நாலு நாளாக விதைக்கிறோம். கோட்டை என்று ஒன்றும் அங்கே இல்லை. ஒரே ஒரு வாசல் நிற்கிறது. இனிமேல் யாருக்காவது எழுதினால் தெரிந்துகொள். கிணறு இருக்கிறது, ஆனால் குன்றின் உச்சியில் இல்லை. வேறொரு குன்றின் அடியில். ரெஜினா கூட்டிப்போய்க் காட்டினாள். பொய் சொல்லும்போதுகூட நீ தண்ணீரில் தவறவில்லை.

உன் கடுதாசியை உபதேசியார் முதல் தடவை வாசித்தபோதே எனக்குத் தெரியும். பதினெட்டு வாசலை எண்ணியவள், பஸ்ஸில் போனாயா நடந்து போனாயா, கால் வலித்ததா, எங்கே சாப்பிட்டாய் என்று ஒரு வரி எழுதவில்லை. ஈரப் பருத்தி. எட்டு வருஷமாக மனசில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். நான் கட்டிக்கொடுத்த இடத்தில் இன்னும் என்னவெல்லாம் ஈரமோ என்று பார்க்கத்தான் வந்தேன். மலாக்காவைப் பார்க்க அல்ல. நீ மூன்று மணி பஸ் என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. மழையைச் சாக்கு வைத்து வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை கொஞ்சம் கணக்குப் பிசாசு. ஆனால் நீ சாப்பிட்டாயா என்று கேட்காமல் அவர் ஒரு நாளும் கை கழுவவில்லை. பிள்ளை உன்னை எதிர்த்துப் பேசுகிறது, பயப்படவில்லை. மற்றதெல்லாம் காய்ந்த பருத்திதான். அதற்குப் பிறகுதான் நிம்மதியாக பஸ் ஏறினேன்.

அம்மா என்னை உட்காரக்கூட விடவில்லை. பதினெட்டும் பார்த்தாயா என்று கேட்டாள். பதினெட்டு என்று சொன்னால் நம்பமாட்டாள், நீ சொல்லிக்கொடுத்ததாக நினைப்பாள். பதினேழு எண்ணினேன், ஒன்று மழையில் தெரியவில்லை என்றேன். எல்லாவற்றுக்கும் கதவு உண்டு, இரும்புப் பூண் போட்டது என்றேன். அதற்கு அவள், "ஏலே, அம்புட்டுத் தூரம் போயி ஒண்ண விட்டுட்டு வந்திருக்கியே, கோட்டிப்பயலே! எம்மவ நின்னு எண்ணிருக்கா பாரு" என்று என்னை ஏசிவிட்டாள். மற்றவை நேரில்.’

அம்மா அதற்குப் பிறகு ஒரு வருஷம் இருந்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், கட்டிலில் படுத்தபடியே, அந்த ஒரு வாசலுக்காக அண்ணனை ஏசிக்கொண்டே இருந்தாளாம்.

புதன்கிழமைப் பூசை ஏழரைக்குள் முடிந்துவிடும். எட்டு மணி பஸ்ஸுக்குப் போகிறோம், மழை பெய்தாலும் போகிறோம் என்று நேற்று இவரிடம் சொன்னேன். பாஸ் செல்லாதே என்றார். தெரியும் என்றேன்.